இளமையிற் கேட்ட இசை: இண்டி ராக் குழுக்கள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

மனிதன் தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பாடல்களைக் கேட்கின்றான். அவற்றுட் பெரும்பாலானவை செவியில் விழுந்து, சிறிது காலம் தங்கி, பின்னர் மறைந்துபோகின்றன. ஆனால் பதினைந்து வயதிற்கும் இருபத்தைந்து வயதிற்கும் இடையே விரும்பிக் கேட்ட பாடல்கள் அவ்வளவு எளிதில் மறைவதில்லை. பல்லாண்டுகள் கழிந்த பின்னும், அவற்றின் முதல் ஒலி எழுந்த மாத்திரத்தே பழைய தெருவும், பழைய நண்பரும், பழைய கவலையும் ஒருங்கே மனக்கண்முன் வந்து நிற்கின்றன.

இவ்வனுபவம் எல்லா நாட்டினர்க்கும் எல்லா வகை இசைக்கும் பொதுவானதே. எனினும், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 1970களின் இறுதியிலிருந்து வளர்ந்த ‘இண்டி ராக்’ என்னும் இசைவகையில் இது தெளிவாக விளங்குகின்றது. அவ்விசையைக் கேட்டு வளர்ந்தோர் பலர் இன்று ஐம்பது, அறுபது வயதை எட்டியுள்ளனர். கலைந்துபோன குழுக்கள் மீண்டும் கூடியுள்ளன. பழைய இசைத்தட்டுகள் மறுபதிப்புப் பெற்றுள்ளன. இந்நிலையில் ஒரு வினா எழுகின்றது. இளமையில் நேசித்த இசையை மீண்டும் கேட்டு மகிழ்வோர், உண்மையில் அவ்விசையைத்தான் கேட்கின்றனரா? அன்றித் தம் இளமையைத்தான் கேட்கின்றனரா? இசையை நேசிப்போர் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

பெயரும் பொருளும்

‘இண்டி’ என்பது, ‘பிறரைச் சாராத’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கமாகும். தொடக்கத்தில் இச்சொல் இசையின் ஒலித்தன்மையைக் குறிக்கவில்லை. வாணிக முறையையே குறித்தது. பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் பணத்தையும் விற்பனை வழிகளையும் நாடாமல், சிறு நிறுவனங்கள் தாமே பதிப்பித்துத் தாமே விற்ற இசை யாதோ, அதுவே இண்டி எனப்பட்டது.

இதற்கு வழிகாட்டியாக அமைந்த தட்டுகளுள் ஒன்று மான்செஸ்டர் வட்டாரத்திலிருந்து வந்தது. பஸ்காக்ஸ் என்னும் குழுவினர், உறவினரிடமும் நண்பரிடமும் கடனாகப் பெற்ற ஏறத்தாழ 500 பவுனைக் கொண்டு, 1976 டிசம்பரில் நான்கு பாடல்களைப் பதிவு செய்தனர். ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ என்னும் அச்சிறு தட்டு 1977 ஜனவரியில் வெளிவந்தது. முதலில் 1,000 தட்டுகளே அச்சிடப்பட்டன. அவை விரைவில் விற்றுத் தீர்ந்தன. பின்னர் விற்பனை 16,000ஐ எட்டியது. ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முறை பாடியபொழுது பதிவாயிற்று என்னும் விவரத்தையும் குழுவினர் உறையிலேயே அச்சிட்டிருந்தனர். இசைத்தட்டு ஆக்குதல் மந்திர வித்தை அன்று, யாரும் செய்யக்கூடிய தொழிலே என்று இளைஞர்க்கு எடுத்துக்காட்டிய செயல் இது.

தட்டை அச்சிட்டால் மட்டும் போதுமா? நாடெங்கும் அதை விற்க வழி வேண்டாவா? 1976இல் ஜெஃப் டிராவிஸ் என்பவர் மேற்கு இலண்டனில் ‘ரஃப் டிரேட்’ என்னும் இசைத்தட்டுக் கடையைத் திறந்தார். 1978இல் அக்கடையே இசைத்தட்டு வெளியிடும் நிறுவனமாகவும் வளர்ந்தது. பின்னர் யார்க், பிரிஸ்டல், லிவர்ப்பூல், நாரிச், எடின்பரோ முதலிய நகரங்களின் கடைகளும் அதனுடன் இணைந்து, தட்டுகளை நாடெங்கும் அனுப்பும் ஒரு வலையமைப்பை உண்டாக்கின.

1980 ஜனவரி முதல், இவ்வகைத் தட்டுகளுக்கெனத் தனி விற்பனைப் பட்டியல் வெளியாகத் தொடங்கியது. பெரிய நிறுவனங்களின் வழியாக விற்கப்படாத தட்டு எதுவாயினும் அதில் இடம் பெறலாம் என்பதே விதி. இதன் விளைவு ஒன்று வேடிக்கையானது. 1980களின் இறுதியில் வெளிவந்த கைலி மினோக் என்னும் பாடகியின் நடனப் பாடல்கள், சிறு விற்பனையாளர் வழியாக விற்கப்பட்ட காரணத்தால், இண்டிப் பட்டியலிலும் முதன்மை பெற்றன! அதற்குள் பொதுமக்களின் பேச்சு வழக்கில் அச்சொல்லின் பொருள் மாறியிருந்தது. கிட்டார் ஒலியை முதலாகக் கொண்டு, பெரிய செலவின்றி, பாடகரின் குரலைப் பளபளப்பாக்காமல் அமைந்த இசையையே ‘இண்டி’ என்று இளைஞர் அழைத்தனர். வாணிகத்தின் பெயர் இசையின் பெயராயிற்று.

தேடிப் பெற்ற செல்வம்

இவ்விசையைக் கேட்டல் அக்காலத்தில் எளிய காரியம் அன்று. பகல் நேர வானொலி இதனைப் பெரும்பாலும் ஒலிபரப்பவில்லை. 1967 முதல் 2004இல் தாம் மறையும்வரை பிபிசி வானொலியில் பணியாற்றிய ஜான் பீல் என்னும் அறிவிப்பாளர், இரவு நேரத்தில் புதிய குழுக்களின் பாடல்களை ஒலிபரப்பி வந்தார். இளைஞர் பலர் அவற்றை ஒலிநாடாவிற் பதிவு செய்து, நாடா தேயும்வரை கேட்டனர். 1986இல் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ என்னும் இங்கிலாந்து வார இதழ், 22 குழுக்களின் பாடல்களைத் தொகுத்து ‘சி86’ என்னும் ஒலிநாடாவை வெளியிட்டது.

சிங்கப்பூரிலும் இத்தகைய இசைக்கு அன்பர் இருந்தனர். 1985இல் இங்குத் தொடங்கப்பெற்ற ‘பிக்ஓ’ என்னும் இசை இதழ் அவர்களை ஒன்றுசேர்த்தது. ‘நான் முதுமை எய்துமுன்’ என்று பொருள்படும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே அவ்விதழின் பெயராயின என்பது குறிப்பிடத்தக்கது. இசையும் இளமையும் பிரியாதவை என்று அந்நாளில் எண்ணப்பட்டமைக்கு அப்பெயரே சான்று.

அரிதாகக் கிடைத்த பொருள் ஆழமாகப் போற்றப்படும். மாதச் செலவுப் பணத்தை மிச்சப்படுத்தி வாங்கிய ஒரே தட்டை, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஐம்பது முறை கேட்க வேண்டியதாயிற்று. அங்ஙனம் கேட்கக் கேட்கப் பிடிக்காததும் பிடித்ததாயிற்று. ஒரு பொருள் பழகப் பழக விருப்பமும் வளரும் என்பதை ராபர்ட் சையான்ஸ் என்னும் உளநூல் அறிஞர் 1968இல் ஆய்ந்து காட்டியுள்ளார்.

நினைவு செய்யும் வேலை

இனி, இளமையிற் கேட்டது நிலைப்பதற்குக் காரணம் யாது என்று நோக்குக. முதியோரிடம் வாழ்க்கை நிகழ்ச்சிகளைக் கூறுமாறு கேட்டால், பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குட்பட்ட நிகழ்ச்சிகளையே அவர்கள் மிகுதியாகக் கூறுகின்றனர் என்பது உளநூலார் கண்ட உண்மை. வாழ்நாளின் நினைவுகளைக் கோடாக வரைந்தால், அப்பருவம் ஒரு மேடுபோல உயர்ந்து தோன்றும். முதல் வேலை, முதற் காதல், வீட்டைவிட்டு வெளியேறிய முதல் நாள் என, முதன்முதலாக நிகழ்வன பலவும் அப்பருவத்தில் நிகழ்தலே இதற்கு ஒரு காரணம் என்பர்.

இசை விருப்பமும் அவ்வாறே. மாரிஸ் ஹால்புரூக், ராபர்ட் ஷிண்ட்லர் என்னும் இருவர், 1932 முதல் 1986 வரை புகழ்பெற்றிருந்த 28 பாடல்களைப் பல வயதினரையும் கேட்கச் செய்து, 1989இல் தம் முடிவை வெளியிட்டனர். தமக்கு ஏறத்தாழ 24 வயதாயிருந்த காலத்தில் வெளிவந்த பாடல்களையே மக்கள் மிகவும் விரும்பினர் என்பது அம்முடிவு. 2009இல் பீட்டர் ஜனாட்டா என்னும் அறிஞர் மூளையைப் படம் பிடித்து ஆராய்ந்தார். பழகிய பாட்டொன்று வாழ்க்கை நினைவை எழுப்பும்பொழுது, நெற்றிக்குப் பின்னே அமைந்த மூளைப்பகுதி செயற்படுதலை அவர் கண்டார்.

இவ்வாராய்ச்சிகளை நோக்குவார்க்கு ஓர் ஐயம் தோன்றும். விருப்பத்தை உண்டாக்குவது வயதும் பழக்கமுமே எனின், பாட்டின் தகுதிக்கு இடம் எங்கே? 1985இல் இருபது வயதாயிருந்த ஒருவர் அக்காலத்து இசையே உயர்ந்தது என்று வாதிடுவது, தம் இளமையே உயர்ந்தது என்று வாதிடுவதாகவே முடியாதா?

இவ்வையத்தை எளிதில் ஒதுக்குதற்கில்லை. ‘சி86’ ஒலிநாடாவின் 22 குழுக்களையும் எடுத்துக்கொள்க. பிரைமல் ஸ்கிரீம், தி வெடிங் பிரசெண்ட் போன்ற சில குழுக்களே பல்லாண்டுகள் நிலைத்துப் பெயர் பெற்றன. ஏனையவற்றுட் பலவற்றை அக்கால அன்பரன்றிப் பிறர் அறியார். அன்று ஒரே ஒலிநாடாவில், ஒரே ஆர்வத்துடன் கேட்கப்பட்டவையே இவை அனைத்தும். நினைவு தகுதியுள்ளதையும் தகுதியற்றதையும் வேறுபாடின்றிக் காத்து வைக்கின்றது. அது நல்ல காவலாளி. ஆனால் நல்ல நடுவர் அன்று. ஆதலின் இளமையில் நேசித்த இசையை மீண்டும் கேட்டல் வெறும் மகிழ்ச்சி மட்டும் அன்று. ஒரு மறுவிசாரணையும் ஆகும்.

நினைவில்லாத செவி

இவ்விசாரணைக்கு முதற் சாட்சி, அப்பாட்டைப் பற்றிய நினைவே இல்லாதவரின் செவி. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் ஸ்டாக்டன் நகரில் 1989இல் தோன்றிய பேவ்மெண்ட் என்னும் குழு 1999இல் கலைந்தது. அவ்வாண்டு வெளிவந்த அதன் சிறு தட்டொன்றில், ‘ஹார்னஸ் யுவர் ஹோப்ஸ்’ என்னும் பாட்டு துணைப் பாடலாக இடம்பெற்றது. குழுவின் பெரிய இசைத்தொகுப்பு எதிலும் அது சேர்க்கப்படவில்லை. பழைய அன்பருட் பலர் அதனைப் பெரிதாகக் கருதவுமில்லை. ஆனால் இருபது ஆண்டுகள் கழிந்து, ஸ்பாட்டிஃபை என்னும் இணைய இசைச் சேவையில், அக்குழுவின் பாடல்கள் அனைத்திலும் மிகுதியாகக் கேட்கப்பட்டது அப்பாட்டே ஆயிற்று. அவ்வாறு கேட்டவருட் பலர் குழு கலைந்தபொழுது பிறந்திராத இளைஞர்.

இங்கே நினைவு எதனையும் செய்யவில்லை. கணிப்பொறி எடுத்துக் கொடுத்தது என்பது உண்மையே. எனினும் எடுத்துக் கொடுத்தவை எல்லாம் நிலைத்துவிடுவதில்லை. கேட்டவர் மீண்டும் மீண்டும் கேட்டதனாலேயே அது நிலைத்தது. பழைய அன்பர் தாம் முன்பு தவறவிட்டதை இளைஞரிடமிருந்து கற்றுக்கொள்ள நேர்ந்தது.

தீர்ப்பு மாறிய வரலாறு

ஒருவர் விருப்பம் மாறுவது போலவே, உலகத்தின் தீர்ப்பும் மாறக்கூடும். இதற்கு ஸ்லோடைவ் என்னும் குழுவின் வரலாறு சிறந்த எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் ரெடிங் நகரில் 1989இல் நீல் ஹால்ஸ்டெட், ரேச்சல் கோஸ்வெல் முதலியோர் இக்குழுவைத் தொடங்கினர். கிட்டார் ஒலியைக் காலால் இயக்கும் கருவிகள் பலவற்றின் வழியே செலுத்தி, மேகம்போற் பரவும் ஒலியாக அவர்கள் மாற்றினர். அக்கருவிகளை நோக்கித் தலைகுனிந்து நின்று வாசித்தமையால், இத்தகைய குழுவினரை ‘காலணி பார்ப்போர்’ என்று பத்திரிகைகள் எள்ளி நகையாடின.

1991இல் முதற் தொகுப்பும், 1993இல் ‘சூவ்லாக்கி’ என்னும் இரண்டாம் தொகுப்பும் வந்தன. அதற்குள் இங்கிலாந்துப் பத்திரிகைகளின் நாட்டம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. உரத்துப் பாடி, உரத்துப் பேசும் புதிய குழுக்களே போற்றப்பட்டன. ஸ்லோடைவின் தொகுப்புகள் இரக்கமின்றித் தாக்கப்பட்டன. 1995இல் மூன்றாம் தொகுப்பு வெளிவந்த சில நாட்களிலேயே, அவர்களுடைய நிறுவனம் அவர்களைக் கைவிட்டது. குழு கலைந்தது.

ஆனால் தட்டுகள் கலைந்துபோகவில்லை. அவற்றை வைத்திருந்தோர் மீண்டும் கேட்டனர், பிறர்க்குக் கொடுத்தனர். அவற்றைக் கேட்டு வளர்ந்த புதிய குழுக்கள் பல நாடுகளில் எழுந்தன. வசையாக வழங்கிய பெயர் ஓர் இசைவகையின் பெருமைக்குரிய பெயராயிற்று. 2014இல் குழுவினர் மீண்டும் கூடி, பார்சலோனா நகர இசைவிழாவிற் பங்கு பெற்றனர். 2017இல், இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், புதிய தொகுப்பு வெளிவந்தது. 2023இல் வெளிவந்த அடுத்த தொகுப்பு, இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் 6ஆம் இடத்தை அடைந்தது. இளமையில் அவர்கள் ஒருபோதும் எட்டாத உயரம் அது. அவர்களுடைய அரங்குகளில் நரைத்த தலையினரோடு பதின்ம வயதினரும் திரண்டு நிற்கின்றனர்.

முதல் தீர்ப்பை வழங்கியோர் அறிவில் குறைந்தவர் அல்லர். அவசரத்தில் தீர்ப்பு வழங்கினர், அவ்வளவே. அவ்வாரத்துப் புதுமை எது என்று தேடும் செவிக்கு, மெல்ல விரியும் இசை எட்டுவதில்லை. மறுமுறை கேட்டல் இல்லாதிருந்தால் அத்தவறான தீர்ப்பே வரலாறாகியிருக்கும்.

இளமைக்கு எட்டாத பொருள்

மீண்டும் கேட்பதன் பயன் இன்பத்தோடு முடிவதன்று. இளமையில் விளங்காத பொருள் முதிர்ந்த வயதில் விளங்குதலும் உண்டு. மான்செஸ்டரைச் சேர்ந்த ஜாய் டிவிஷன் குழுவின் வரலாறு இதனை வருத்தத்துடன் உணர்த்துகின்றது.

இக்குழுவின் முதற் தொகுப்பாகிய ‘அன்னோன் பிளஷர்ஸ்’ 1979இல் வெளிவந்தது. ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ தட்டைப் பதிவு செய்த மார்ட்டின் ஹானெட்டே இதனையும் பதிவு செய்தார். மேடையில் முழங்கிய ஆரவாரத்தைக் குறைத்து, வெறுமையான பெரிய மண்டபத்தில் ஒலிப்பதுபோல அவர் அமைத்தார். அது குழுவினர்க்கு அன்று பிடிக்கவில்லை. தாழ்சுருதிக் கிட்டார் வாசித்த பீட்டர் ஹுக், தமக்கு ஏற்பட்ட ஏமாற்றத்தைப் பிற்காலத்தில் வெளிப்படையாகக் கூறியதோடு, ஹானெட் செய்ததே சரி என்பதையும் ஒப்புக்கொண்டார். தம் இசையைத் தாமே மீண்டும் கேட்டுத் தெளிந்தமைக்கு இது சான்று.

ஆனால் இதனினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. பாடல்களை எழுதிப் பாடிய இயன் கர்ட்டிஸ் கால்கை வலிப்பு நோயால் துன்புற்றார். மனைவியும் கைக்குழந்தையும் உடைய அவர், மனம் ஒடிந்து, 1980 மே 18ஆம் நாள் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். அப்பொழுது அவருக்கு வயது 23. இரண்டாம் தொகுப்பு அவர் மறைந்தபின் ஜூலையில் வெளிவந்தது. அவர் எழுதிய சொற்களில் அவருடைய துயரம் தெளிவாக இருந்தும், அது கற்பனை என்றே தாங்கள் எண்ணினர் என்றும், உடனிருந்தும் உணரவில்லை என்றும் குழுவினர் பிற்காலத்திற் கூறியுள்ளனர். அவர்களும் அன்று இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞரே.

இருபது வயதில் அப்பாடல்களைக் கேட்ட அன்பர்க்கும் அவ்வாறே. துயரம் அழகாக இருந்தது. இருள் கவர்ச்சியாக இருந்தது. ஐம்பது வயதில் மீண்டும் கேட்பவர்க்கு அக்கவர்ச்சி விலகிவிடுகின்றது. பாடுபவர் இப்பொழுது தம்மினும் மூத்த வீரர் அல்லர். தம் பிள்ளையின் வயதுடைய ஒரு நோயாளி. ‘இவனுக்கு உதவ ஒருவரும் இல்லையா?’ என்னும் எண்ணமே எழுகின்றது. பாட்டு மாறவில்லை, கேட்பவர் மாறினார். மாறியதனால் பாட்டை இழக்கவில்லை. முன்னினும் உண்மையாகப் பெற்றார்.

பாடியவரும் பாட்டும்

மற்றொரு சோதனையும் உண்டு. பாட்டைப் படைத்தவர் பிற்காலத்தில் மாறிவிட்டால் என்ன செய்வது? 1982இல் மான்செஸ்டரில் தோன்றி, 1987இல் கலைந்த தி ஸ்மித்ஸ் என்னும் குழு, ஒதுக்கப்பட்டோர், கூச்சமுடையோர், தனித்திருப்போர் ஆகியோரின் குரலாக விளங்கியது. 1986இல் வெளிவந்த ‘தி குவீன் இஸ் டெட்’ என்னும் அதன் தொகுப்பை, 2013இல் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ இதழ் எக்காலத்திற்கும் சிறந்த தொகுப்பாகத் தேர்ந்தெடுத்தது. ஆனால் அதன் பாடகர் மாரிசி, குடியேற்றத்தையும் இஸ்லாத்தையும் எதிர்த்த தீவிர வலதுசாரிக் கட்சி ஒன்றிற்கு 2018இல் வெளிப்படையாக ஆதரவு தெரிவித்தார். பழைய அன்பருட் பலர் மனம் நொந்தனர். அவர்களுள் குடியேறியோரின் பிள்ளைகளும் இருந்தனர்.

சிலர் தட்டுகளைக் கேட்பதையே விட்டனர். வேறு சிலர், அப்பாடல்கள் பாடகர் ஒருவருக்கே உரியவை அல்ல, இசையமைத்த ஜானி மாருக்கும் உடன் வாசித்த இருவர்க்கும் உரியவை என்று கூறித் தொடர்ந்து கேட்கின்றனர். இரு சாரார் கூற்றிலும் நியாயம் உண்டு. ஒன்று மட்டும் உறுதி. அன்று கூச்சமுடைய ஓர் இளைஞனுக்கு அப்பாட்டு ஆறுதல் தந்தது என்னும் உண்மையைப் பின்வந்த எந்தச் செய்தியும் அழிக்க இயலாது. ஆயின் அவ்வாறுதலுக்கு நன்றி பாராட்டுவதற்காக, பின்னர்க் கூறப்பட்ட ஒவ்வொன்றையும் ஏற்க வேண்டும் என்னும் கடப்பாடும் இல்லை.

முடிவு

முதலில் எழுப்பிய வினாவிற்கு இப்பொழுது விடை கூறலாம். இளமை இசையை மீண்டும் கேட்பவர் தம் இளமையையும் கேட்கின்றார், இசையையும் கேட்கின்றார். முதன்முறை கேட்கும்பொழுது நினைவே மேலோங்கி நிற்கும். பன்முறை கேட்கும்பொழுது அது சிறிது சிறிதாக ஒதுங்கும். அதன் பின்னும் எஞ்சி நிற்பது எதுவோ, அதுவே பாட்டின் தகுதி. எதுவும் எஞ்சாவிடினும் இழுக்கில்லை. ஒரு காலத்தில் துணைநின்ற பாட்டிற்கு நன்றி கூறி வழியனுப்புதலும் ஒரு பண்பே.

ஆகவே, பழைய தட்டுகளை எடுத்துக் கேட்கும் நடுவயதினரைப் பார்த்து, ‘பழங்கதை பேசுகின்றார்’ என்று இளைஞர் நகைத்தல் வேண்டா. அங்ஙனமே, ‘எங்கள் காலத்து இசைபோல் இன்று உண்டா?’ என்று முதியோர் செருக்குறுதலும் வேண்டா. கடன் வாங்கிய 500 பவுனில் நான்கு பாடல்களைப் பதிந்த இளைஞர், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் கேட்கப்படுவோம் என்று எண்ணியிருக்கமாட்டார்கள். இன்றும் எங்கோ ஓர் அறையில், யாரும் அறியாத ஒரு குழு பாடிக்கொண்டிருக்கும். அதனை முதலிற் கேட்கும் செவிகள் சிலவாக இருக்கலாம். மறுமுறையும் பொறுமையுடன் கேட்கும் செவிகள் இருந்தால் அதுவே போதும்.